பெப்ரவரியில் திரும்பி வரும் டீசல்: கொழும்பில் ஒரு கிணறு, ஒரு லொறி யார்ட், மூன்று கோடைகள்

கிணற்றில் எண்ணெய் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தது ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. பெப்ரவரி மாதம், நல்ல வெயில். காயப்போட்ட சட்டை காய்ந்த பிறகும் மணத்தது. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு போக, பக்கத்தில் இருந்தவன் "நீ லொறியிலயா வந்த?" என்று கேட்டிருக்கிறான். தாய் சோப்பை மாற்றித் துவைத்தார், சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தார். மணம் போகவில்லை. கடைசியில் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் அள்ளி வெயிலில் வைத்துப் பார்த்தபோது மேலே வானவில் ஓடியது.

இடம் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தோட்டம். தோட்டம் என்றால் கொழும்புக்காரருக்குத் தெரியும்: மரமும் கிடையாது, செடியும் கிடையாது. ஒரு ஒழுங்கைக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் பொதுக் கிணறு. கிணற்றுக்குப் பின்னால் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு லொறி யார்ட். இதற்கு மேல் இடத்தையோ ஆட்களையோ அடையாளம் காட்டப்போவதில்லை.

நிலத்தடி நீர் வேலைதான் என் பிழைப்பு. துளை போடுவது, குழாய் இறக்குவது, மாதிரி எடுப்பது. தோட்டத்து ஆள் ஒருவர் என்னைக் கூட்டிப்போனபோது அங்கே இரண்டு கட்சி இருந்தது. கானில் சேவிஸ் ஸ்டேஷன் தண்ணீர் வருகிறது, அதுதான் ஊறுகிறது என்றது ஒரு கட்சி. யாரோ வேண்டுமென்றே ஊற்றியிருக்கிறார்கள் என்றது மற்றது. வயதான ஒருவர் மட்டும் வேறு கேள்வி கேட்டார்: "இது இன்னொரு சுன்னாகமா தம்பி?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் இறங்கிய விவகாரத்தில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அங்கே அடியில் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குகையுமாக இருக்கும், தண்ணீர் ஓடும். கொழும்பு வடக்கில் மேலே கொட்டி நிரப்பிய மண், அதன்கீழ் கபூக்கல்லும் (செம்பூராங்கல்) அதன் களியும், களனிப் பக்கம் போகப்போகக் கறுத்த சதுப்பு மண். தண்ணீர் ஓடாது, ஊரும். கெட்டது தூரம் போகாது என்பது நல்ல செய்தி. இருக்கும் இடத்தை விட்டு வெளியேயும் வராது என்பது கெட்ட செய்தி.

பேஸ்ட்

எண்ணெய் எவ்வளவு தடிப்பு என்று பார்க்க இதற்கென்று எலெக்ட்ரானிக் கருவி உண்டு. என்னிடம் இருந்தது பழுது. பெற்றோல் செட்டில் வேலை செய்யும் ஒரு நண்பனிடம் தண்ணீர் பேஸ்ட் வாங்கிக்கொண்டு போனேன். டாங்கின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க டிப் கம்பியின் நுனியில் அவர்கள் பூசுவது. எண்ணெயில் எவ்வளவு நேரம் நின்றாலும் மண்ணிறமாகவே இருக்கும், தண்ணீரில் பட்ட இடம் சிவக்கும். எங்களுக்கு வேண்டியதும் அதே கோடுதான்.

கிணறு அகலமானது, அதில் மேலே ஒரு படலம் மட்டும். மதில் ஓரமாகக் கைத்துளையால் 14 அடி இறங்கி, துளை போட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை வைத்து, இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம். இரும்பு நாடாவில் ஒரு முழத்துக்குப் பேஸ்ட் பூசி மெதுவாக இறக்கி, ஒரு நிமிடம் பிடித்து, மேலே எடுத்தோம். மேலே காய்ந்த நாடா, அப்புறம் எண்ணெய் பட்டு மினுங்கும் ஒரு துண்டு, அப்புறம் சட்டென்று சிவப்பு. மினுங்கிய துண்டு மூன்று விரல் தடிப்பு. தோட்டத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. மதிலுக்கு மேலால் யார்டைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

குழாயில் மூன்று விரல் இருந்தால் மண்ணிலும் மூன்று விரல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. குழாய் ஒரு வெற்றிடம், சுற்றிலும் உள்ள மண்ணிலிருந்து எண்ணெய் வழிந்து அதற்குள் சேரும். மண்ணில் அது துளைகளுக்கிடையே தண்ணீரோடும் காற்றோடும் கலந்து கிடக்கிறது. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அதனால் பின்னால் சிக்கல் வந்தது.

யார்ட் முதலாளி நல்ல மனிதர். ஆனால் முதல் நாள் "எங்கட யார்டில டாங்க் ஒண்டும் இல்லை" என்றார். மூன்றாம் நாள் தானே வந்து சொன்னார். அவருடைய தகப்பன் காலத்தில் புதைத்த இரும்பு டாங்க் ஒன்று, பல வருடமாகச் சும்மா கிடந்தது. 2022இல் டீசலுக்கு நாள் கணக்கில் கியூ நின்ற காலத்தில், கிடைத்ததை எல்லாம் அதில் ஊற்றி வைத்திருக்கிறார். சட்டப்படி சரியா என்று நான் கேட்கவில்லை, அந்த வருடம் கொழும்பில் பாதிப் பேர் போத்தலிலாவது எதையாவது பதுக்கினார்கள். ஊற்றிய டீசல் குறைந்துகொண்டே போனது. டிப் கம்பி போட்டுப் பார்த்து, டிரைவர்மார் திருடுகிறார்கள் என்று முடிவு கட்டி, இரவுக் காவலாளியை நிறுத்தியும்விட்டார். நான்கைந்து பரல் போயிருக்கும் என்பது அவர் கணக்கு.

டாங்கை வெளியே எடுத்தபோது அந்தத் திருடனைப் பார்த்தோம். அடித்தகட்டில், நிரப்பும் குழாய்க்கு நேர் கீழே, சுண்டுவிரல் நுழையும் ஒரு ஓட்டை. வருடக்கணக்காக டிப் கம்பியை அதே குழாய்க்குள்ளால் விட்டு அதே இடத்தில் டக்கென்று இடித்திருக்கிறார்கள். இரும்பு மெலிந்த இடத்தில் அடியில் நின்ற தண்ணீர் துருவை வளர்த்திருக்கிறது. புதிய டாங்குகளில் அந்த இடத்தில் ஒரு தடித்த தகடு வைப்பது இதற்காகத்தான். டீசல் எவ்வளவு போகிறது என்று அளந்த கம்பிதான் டீசல் போக வழி செய்தது. முதலாளி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார். காவலாளியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தோண்டி எடுத்தால் என்ன?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். டாங்கைச் சுற்றியிருந்த மண்ணை எடுத்தோம், அது சரி. மிச்சம் மதிலுக்குக் கீழே, வீடுகளுக்குக் கீழே. அத்திவாரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத வீடுகள் அவை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தோண்டினால் குழிக்குள் ஊற்று வரும், அந்த எண்ணெய்த் தண்ணீரை எங்கே விடுவது? எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது? 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி இது ஆபத்தான கழிவு. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், எரிக்க வேண்டுமென்றால் புத்தளம் சிமெந்துச் சூளை வரை போக வேண்டும். டாங்கோடு வந்த மண்ணை முறையாக அனுப்பிய செலவைப் பார்த்த பிறகு முதலாளி தோண்டும் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த யோசனை மோட்டர் போட்டு இறைப்பது. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இந்தத் துறை மிக அதிக விலை கொடுத்துப் படித்த பாடம் அங்கேதான் இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு, இறைத்துச் சுத்திகரிக்கும் 77 இடங்களை எடுத்துப் பார்த்தது. 69இல் இலக்கை எட்டியிருக்கவில்லை. தண்ணீரை எவ்வளவு இறைத்தாலும் மண்ணில் ஒட்டியது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்துகொண்டே இருக்கும். டீசல் தண்ணீரில் கரைவது லீற்றருக்குச் சில மில்லிகிராம். அப்படியிருக்க ஒரு பரலைக் கரைத்து எடுக்க எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டாலே அலுத்துவிடும்.

தோட்டத்து அக்கா ஒருவருக்கு, சட்டை துவைத்த அதே தாய்க்கு, இதை விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார். "தலையில எண்ணெய் வச்சிட்டு சும்மா தண்ணி ஊத்தினா போகுமா தம்பி?" போகாது. "அப்போ சீயக்காய் போடுங்களேன்!"

அவர் விளையாட்டாகச் சொன்னது உண்மையான ஒரு முறை. சோப் போன்ற பொருளை மண்ணுக்குள் செலுத்தி எண்ணெயைக் கழற்றி எடுப்பார்கள். ஆனால் கழன்று வரும் எண்ணெய் அவ்வளவையும் பிடிக்க வேண்டும். களியும் கல்லுமான மண்ணில் அது எந்த வெடிப்பால் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பக்கம் கால்வாய். ஒட்டிக்கொண்டு சும்மா கிடப்பதைக் கழற்றி ஓடவிடுவதைவிட அது ஒட்டியே இருப்பது மேல்.

கொண்டிஸ் போடலாமா என்று முதலாளியின் மருமகன் கேட்டார், இணையத்தில் பார்த்திருக்கிறார். பொட்டாசியம் பெர்மாங்கனேற்று செலுத்தி எரிப்பது சலவைக்கடைக் கரைப்பான் போன்ற குளோரின் சேர்ந்த பொருட்களுக்கு நன்றாக வேலை செய்யும். டீசலுக்கு அவ்வளவு சரிவராது. சதுப்பு மண்ணில் உள்ள மக்கலும் பங்குக்கு வந்து மருந்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதே கரைப்பான் தண்ணீரைவிடப் பாரமானது, மிதக்காமல் அடிக்கு இறங்கும். அப்படியானவற்றுக்கு இரும்புத்தூள் சுவர் ஒன்று உண்டு. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 1991இல் போர்டன் என்ற இடத்தில் இரும்புத்தூளும் மணலும் கலந்த சுவரை நிலத்துக்குள் இறக்கி, வழியில் வரும் தண்ணீரை அதற்குள்ளால் போகவிட்டுக் காட்டினார்கள். அழகான வேலை. எங்கள் வருத்தத்துக்கு அது மருந்தில்லை.

மிதக்கும் டீசலுக்கு எங்களிடம் இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள்: காற்று, கொழும்பின் சூடு.

காற்றின் கணக்கு

டீசலைத் தின்னும் கிருமிகள் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தன. வெளியிலிருந்து வாங்கிப் போட வேண்டியதில்லை. (கலன் கணக்கில் கிருமி விற்கும் வியாபாரிகள் இதற்கு என்னோடு சண்டைக்கு வரலாம்.) அவற்றுக்கு இல்லாதது ஒட்சிசன். வெளிக்காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். மண்ணுக்குள் ஆறு அடியில் இறக்கிய சிறு குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிப் பார்த்தபோது கருவி 2க்கும் கீழே காட்டியது. யார்டின் மற்ற மூலையில், சுத்தமான மண்ணில், 19. அதாவது கிருமிகள் இருந்த ஒட்சிசனை எல்லாம் தின்று முடித்துவிட்டு மூச்சுமுட்டி நின்றன.

ஒரு கிலோ டீசலை முழுதாகச் சிதைக்க ஏறக்குறைய மூன்றரைக் கிலோ ஒட்சிசன் வேண்டும். கொழும்புச் சூட்டில் ஒரு லீற்றர் தண்ணீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் ஒட்சிசன்கூடக் கரையாது. ஒட்சிசன் கரைத்த தண்ணீரை நிலத்துக்குள் விட்டுச் செய்வதென்றால் ஒரு கிலோவுக்கு நான்கரை லட்சம் லீற்றர், 10,000 லீற்றர் பவுசரில் 45 நடை. அதே ஒட்சிசன் காற்றில் வேண்டுமென்றால் 13 கனமீற்றர் போதும், ஒரு சிறிய குளியலறைக்குள் அடங்கும் காற்று. இந்த ஒரு கணக்கே எங்கள் முடிவைத் தீர்மானித்தது. மண்ணுக்குள் காற்றை மெதுவாக ஓடவிட வேண்டும். மெதுவாக, ஏனென்றால் நோக்கம் ஆவியை வாரி எடுப்பதல்ல, கிருமிக்கு மூச்சுக் கொடுப்பது. பெற்றோலாக இருந்திருந்தால் வேகமாக உறிஞ்சி ஆவியாகவே பாதியை எடுத்திருக்கலாம். தீப்பொறி பறக்காத விசேஷ மோட்டரும் தேவைப்பட்டிருக்கும். பெற்றோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரைந்து வெகுதூரம் போகும், குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. டீசலில் அது மிகக் குறைவு. அந்த அளவில் நாங்கள் அதிர்ஷ்டக்காரர்கள்.

சூடும் எங்கள் பக்கம். கிருமிகளின் வேகம் 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது கைக்கணக்கு. இங்கே நிலத்தடி நீர் வருடம் முழுவதும் 27, 28 பாகை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற குளிர்ப் பிரதேசத்தில், 1979 ஆகஸ்டில் ஒரு குழாய் வெடித்து 17 லட்சம் லீற்றர் மசகு எண்ணெய் (கச்சா எண்ணெய்) கொட்டியது. அள்ளியது போக நான்கு லட்சம் லீற்றர் அளவில் நிலத்தில் தங்கியது. அதை 1983 முதல் ஒரு ஆராய்ச்சிக்களமாகவே வைத்துப் பார்த்து வருகிறார்கள். யாரும் தொடாமலே கிருமிகள் அங்கே எண்ணெயைத் தின்கின்றன, ஒட்சிசன் தீர்ந்த இடத்தில் மண்ணில் உள்ள இரும்புத் துருவை வைத்து மூச்சுவிடுகின்றன. அந்தக் குளிரிலேயே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

நாங்கள் செய்த பிழை

மே மாதம் மழை பிடித்தது. தண்ணீர் மட்டம் பத்து அடியிலிருந்து நான்கு அடிக்கு ஏறியது. குழாயில் பேஸ்ட் போட்டுப் பார்த்தால் எண்ணெய்த் துண்டே இல்லை, காய்ந்த நாடாவுக்கு அடுத்து நேரே சிவப்பு. முதலாளிக்குச் சந்தோஷம். "மழை கழுவிக்கொண்டு போட்டுது, தம்பி. இனி என்னத்துக்குச் செலவு?" கழுவவில்லை என்றேன். தண்ணீர் ஏறும்போது எண்ணெயை அது இருந்த இடத்திலேயே மூடிவிடுகிறது. மண்துளைகளில் சொட்டுச் சொட்டாக மாட்டிக்கொண்ட எண்ணெய் தண்ணீருக்குக் கீழே அசையாமல் கிடக்கும், குழாய்க்குள் வடிந்து வராது. தண்ணீர் இறங்கும்போது அந்தச் சொட்டுகள் விடுபட்டுத் திரும்ப மிதக்கும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு அங்குலத் தடிப்பில் இருந்திருக்க வேண்டிய எண்ணெயை ஆறு அடி உயரத்துக்கு மண்ணில் பூசிவிட்டிருக்கிறது கொழும்பு மழை. அவர் நம்பவில்லை. குழாயில் மூன்று விரல் என்றால் மூன்று விரல் என்று ஆரம்பத்தில் விட்டுவிட்டேனே, இப்போது குழாயில் இல்லை என்றால் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டதில் என்ன பிழை?

ஓகஸ்டில் மழை கொஞ்சம் விட்டபோது ப்ளோவரைப் பூட்டினோம். உறிஞ்சுவதைவிடக் காற்றை உள்ளே தள்ளுவது இலகு: வெளியே வரும் ஆவிக்கு வடிகட்டி வேண்டியதில்லை, தண்ணீர் ஏறி மோட்டருக்குள் வராது. புத்தகத்திலும் டீசலுக்கு அப்படித்தான் போட்டிருக்கும். மதில் ஓரம் நான்கு குழாய், சின்ன மோட்டர், அழுத்தம் குறைவு. மூன்றாம் நாள் காலை அக்காவிடமிருந்து அழைப்பு. "தம்பி, அடுப்படிக்குள்ள லொறி நிக்கிற மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். அடுப்படிச் சீமெந்துத் தரையில், சுவரும் தரையும் சேரும் மூலையில், மயிரிழை வெடிப்பு. முழங்காலில் இருந்து முகர்ந்தால் டீசல். நாங்கள் தள்ளிய காற்று மண்ணுக்குள் இருந்த ஆவியையும் தள்ளிக்கொண்டு, அழுத்தம் குறைந்த இடம் தேடி, அந்த வெடிப்பால் அவருடைய அடுப்படிக்கே வந்திருக்கிறது. விறகடுப்பு இல்லை, காஸ் அடுப்பு. அவருக்கு ஒரு கைக்குழந்தையும் இருந்தது. உடனே நிறுத்தினோம். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, தாயையும் குழந்தையையும் இரண்டு நாள் அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். வீடுகள் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடத்தில் காற்றைத் தள்ளவே கூடாது, இழுக்க மட்டும்தான் வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. செலவு மிச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்புறம் மோட்டரைத் திருப்பிப் பூட்டினோம். மண்ணிலிருந்து இழுக்கும் காற்று முதலில் தண்ணீர் பிரிக்கும் ஒரு பரலுக்குள், அடுத்து சிரட்டைக்கரி நிரப்பிய இரண்டு பரலுக்குள். தேங்காய்ச் சிரட்டையில் செய்யும் செயலூட்டிய கரியை இலங்கை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறது, கிடைக்கக் கஷ்டமில்லை. இழுக்கும்போது வீடுகளுக்குக் கீழே இருந்த காற்றும் எங்கள் பக்கமே வந்தது. அடுப்படி மூலையில் ஊதுபத்திப் புகையைப் பிடித்துப் பார்த்தோம். முன்பு வெடிப்பிலிருந்து விலகிய புகை இப்போது வெடிப்புக்குள் வளைந்து போனது. அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைக் கூட்டிவந்தார்.

ஒக்டோபர், நவம்பர் மழையில் நிறுத்திவைத்தோம். தண்ணீரில் மூழ்கிய மண்ணுக்குள் காற்று போகாது, கரண்ட் பில்தான் ஏறும். உண்மையான வேலை ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தண்ணீர் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பூசிய மண் வெளியே வரும், அவ்வளவுக்குக் காற்றுப் படும். அந்த மாதங்களில் கிணற்று மோட்டரையும் ஓடவிட்டோம், தோட்டத்துக்குக் கொடுப்பதற்காக அல்ல. மட்டத்தை இன்னும் இரண்டு அடி இறக்கி வைக்க. இறைத்த தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கும் கரிக்கும் போனது. குழாயில் மிதந்ததைக் கையாலேயே அள்ளினோம், ஒரு பையன் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து.

மோட்டர் ஓடும்போது எல்லா அளவும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் நான் அதிகம் நம்புவது மோட்டரை நிறுத்திவிட்டுச் செய்யும் ஒரு சோதனையை. நிறுத்திய நிமிடத்தில் மண்ணுக்குள் ஒட்சிசன் 20க்குக் கிட்ட. பிறகு சில மணிக்கு ஒருதடவை போய் அளக்க வேண்டும். தின்ன ஏதாவது மிச்சம் இருந்தால் ஒட்சிசன் விழும், எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு டீசல் சிதைகிறது என்று கணக்குப் போடலாம். முதல் தடவை ஒன்றரை நாளில் 6க்கு விழுந்தது. ஏப்ரல் கடைசியில் அதே அளவு விழ ஐந்து நாள் எடுத்தது. பசி குறைந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டோம். மாதிரித் தண்ணீர் ஆய்வுகூடத்துக்குப் போய் நல்ல பெறுபேறோடு வந்தது. முதலாளி ஒரு கடிதம் கேட்டார், வேலை முடிந்தது என்று, வங்கிக்குக் காட்ட. அடுத்த பெப்ரவரி வரை பொறுக்கச் சொன்னேன். அவர் கோபப்பட்டது நியாயம்தான்.

இடையில் தோட்டத்தில் ஒரு சின்னக் கலவரம். கிணற்றுத் தண்ணீர் எடுக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் அரை மணி வைத்தால் மண்ணிறமாக மாறத் தொடங்கியது. அடியில் துருப்பொடி. புதிதாக எதையோ கலந்துவிட்டார்கள் என்று பேச்சு. பெமிட்ஜியில் நடப்பதுதான் இங்கேயும்: காற்றுப் போகாத ஆழத்தில் கிருமிகள் கபூக்கல்லின் இரும்பை வைத்து டீசலைத் தின்கின்றன, அந்த இரும்பு கரைந்து தண்ணீரில் வருகிறது, வெளியே காற்றுப் பட்டதும் திரும்பத் துருவாகிறது. வேலை நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் வெள்ளைச் சட்டைக்கு டீசலைவிட மோசம். அக்காவிடம் அறிவியலைச் சொல்லிவிட்டு, துவைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். "ரெண்டையும் ஒரே மூச்சில சொல்றீங்களே" என்றார்.

பெப்ரவரி வந்தது. தண்ணீர் பத்தரை அடிக்கு இறங்கியது. பேஸ்ட் பூசி இறக்கி எடுத்தேன். மினுங்கிய துண்டு அரை விரலுக்கும் குறைவு. ஆனால் இருந்தது. ஏப்ரலில் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் இந்த அரை விரல் என் கையெழுத்துக்குக் கீழே மிதந்திருக்கும். முதலாளி நாடாவைத் தானே கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மோட்டர் அறைச் சாவியை எடுத்துத் தந்தார்.

மூன்றாம் கோடை ஏப்ரலில் முடிந்தது. இம்முறை இரண்டு குழாய்களை மதிலுக்கு அந்தப் பக்கம், ஒழுங்கையிலேயே இறக்கினோம். இரண்டாம் வருடம் அங்கேதான் காற்றுப் போகாமல் ஒரு மூலை மிஞ்சியிருந்தது, குழாய்களுக்கு நடுவில் களி தடிப்பாக இருந்த இடம். நிறுத்திச் சோதித்தபோது பத்து நாளிலும் ஒட்சிசன் 17க்குக் கீழே இறங்கவில்லை. சுத்தமான மூலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கிணறு இப்போதும் தகரத்தால் மூடித்தான் இருக்கிறது. கக்கூசுக்கு ஊற்ற மட்டும் ஒரு குழாய் போகிறது. ப்ளோவரைக் கழற்றவில்லை, பொலித்தீனால் சுற்றி வைத்திருக்கிறோம். பேஸ்ட் டியூப் என் பையில் பாதி மிச்சம். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அக்கா ஒழுங்கை முனையில் நின்றார். பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டான், சட்டைகளைத் தங்கச்சி வீட்டில் கொடுத்துத் துவைக்கிறாராம். எப்போ தகரத்தை எடுப்பீர்கள் என்று கேட்டார். பெப்ரவரியில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"எந்தப் பெப்ரவரி?" என்றார்.